அடைகாத்த நாற்காலி

குழந்தைகளே,

நேற்று சாயங்காலம் நீங்கள் எல்லோரும் கூடத்தில் ஒரு நாடகம் போட்டீர்கள். உங்களில் மூத்தவன் என் மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அத்திம்பேர் காப்பி குடிக்கிற மாதிரி டம்ளரைத் தூக்கினான். டம்ளர் டவராவில் இடித்து டகடகவென்று சத்தம் போட்டது. தண்ணீர் பாதி மடியில் கொட்டியது. சின்னவள் அத்தை மாதிரி ஓடிவந்து முந்தானையால் துடைத்தாள். நன்றாகத்தான் நடித்தீர்கள். நான்கூட ஒரு நொடி சிரித்துவிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், அத்தை சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "தோள் இன்னும் கொஞ்சம் கூனணும்டா" என்று மூத்தவனிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நீங்கள் அதற்கும் சிரித்தீர்கள். நான் உங்களை அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. ராத்திரி முழுக்க எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. போன மாதக் கல்யாணத்தில் நலங்கின்போது "அத்தை, நீ ஒரு பாட்டுப் பாடேன்" என்று நீங்கள் கையைப் பிடித்து இழுத்தீர்கள், அவள் எழுந்து மாட்டுக்கொட்டில் பக்கம் போய் நின்றுகொண்டாள் இல்லையா? அதையும் இதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். எனக்கு நாலாம் பாரம் வரைதான் படிப்பு. கோவையாக வராது. வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று பயம்.

உங்கள் அத்தை, என் அக்கா, ஒரு காலத்தில் பாடினால் தெருவே சிரிக்கும்.

சங்கீதம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். குரல் சுமார்தான். அவளுக்கு வந்தது ஏசல். கல்யாணத்தில் நலங்கு நடக்கும்போது பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைப் பாட்டில் கேலி பண்ணுவார்களே, அது. எல்லா வீட்டிலும் பழைய ஏசல் பாட்டுகள் இருக்கும், பேரை மட்டும் மாற்றிப் பாடுவார்கள். அக்கா அப்படிப் பாடமாட்டாள். கல்யாண வீட்டில் இரண்டு நாள் பேசாமல் வெற்றிலை மடித்துக்கொண்டே எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பாள். யார் சாப்பிட்ட கையோடு மீசையைத் தடவுகிறார், யார் மற்றவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போகிறார், எல்லாம் அவள் கண்ணில் படும். நலங்கன்றைக்குப் புதுசாக ஒன்று கட்டிவிடுவாள்.

எங்கள் பக்கத்து வீடுகளில் இதற்கு ஒரு முறை உண்டு. பாட்டில் அகப்பட்டவர் எதிரில் பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து போகக்கூடாது, முகத்தைத் தூக்கிக்கொள்ளக்கூடாது. பாட்டு முடிந்ததும் அவர் வீட்டிலிருந்து ஒரு தட்டு வரும். வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு ரவிக்கைத் துணி. பாடினவள் அதை எடுத்துக்கொண்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். மறுநாள் இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து பாயசம் சாப்பிடுவார்கள். அக்காவின் பெட்டியில் எத்தனையோ ரவிக்கைத் துணி. உங்கள் அம்மா இன்றைக்கும் அதில்தான் தைத்துப் போட்டுக்கொள்கிறாள்.

அந்த வருஷம் எங்கள் பெரியப்பாவின் பேத்திக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமா சர்க்கார் கச்சேரியில், அதாவது ஆபீஸில், பெரிய உத்தியோகஸ்தர். கார் வைத்திருந்தார். அத்திம்பேர் அவருக்குக் கீழேதான் கிளார்க்கு. மாமா, பெரியவர், எஜமான் என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வார்கள். நான் பெரியவர் என்றே எழுதுகிறேன்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அத்திம்பேர் வீட்டில் சொல்லிச் சிரித்தது அது. கிளார்க்குகளின் லீவு மனுவோ வேறெதுவோ, யார் என்ன மனு கொண்டுவந்தாலும் பெரியவர் வாங்கிப் படிப்பார். "நோக்காம், நோக்காம்" என்பார், பார்க்கலாம் என்று மலையாளத்தில். பிறகு எழுந்து, நாற்காலி மெத்தையைத் தூக்கி, மனுவை அதற்கடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துவிடுவார். மேஜையில் காகிதம் கிடந்தால் அவருக்குப் பிடிக்காது. வருஷக்கணக்காக இப்படி. நாற்காலி உயர்ந்து உயர்ந்து, அவர் கால் தரையைத் தொடாமல் தொங்க ஆரம்பித்ததாம். சேவகன் ஒரு முக்காலி கொண்டுவந்து காலுக்கு வைத்தானாம்.

நலங்கில் அக்கா பாடினாள்:

சம்பந்தி மாமா சர்க்கார் நாற்காலி
சாண்சாணாய் வளர்ந்தகதை கேளடி தோழி
மனுவெல்லாம் மெத்தைக்கடி வைப்பார் அம்மாடி
மாசம்பத்து அடைகாத்து இருப்பார் அசையாமல்
எழுந்திருந்தால் சூடாறிப் போகுமடி என்பார்
என்னகுஞ்சு பொரிக்குமோ யார்தான் கண்டார்!

கடைசி அடிக்குப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து "கொக், கொக், கொக்" என்று தாளம் போட்டார்கள். அதை அக்கா சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக வந்தது. பந்தல் குலுங்கியது. சமையற்காரர்கள் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். எதிரில் பாயில் உட்கார்ந்திருந்த பெரியவரும் சிரித்தார். தொப்பை குலுங்கக் குலுங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "பேஷ், பேஷ்! யாரும்மா நீ? யாராத்துப் பொண்ணு?" என்றார். யாரோ அத்திம்பேரைக் காட்டினார்கள். பெரியவர் அத்திம்பேரை ஒருமுறை பார்த்தார். மறுபடி சிரித்தார்.

மற்ற வீட்டுத் தட்டெல்லாம் வந்தது. அவர் தட்டு அன்றைக்கு வரவில்லை.

"மறந்திருப்பா. பெரிய மனுஷாளோன்னோ" என்றாள் அக்கா. அத்திம்பேர் பாயசத்தைத் தொடாமல் எழுந்துவிட்டார்.

இத்தோடு போயிருந்தால் அது வீட்டுக் கேலிதான். ஆனால் கல்யாணச் சமையற்காரர்கள் அடுத்த கல்யாணத்தில் மாவாட்டும்போது அதைப் பாடினார்கள். அங்கிருந்து சாலைக் கடைத்தெருவுக்கு வந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் பாதி மலையாளத்தில் பாடினார்கள். மகாராஜா ஆட்சி அது, ஊரில் அப்போது பெரிய கலக்கம். ராஜ்யத்தை நடத்துவதில் ஜனங்களுக்கும் பங்கு வேண்டும் என்று மனுமேல் மனு போட்டுக்கொண்டிருந்தார்கள், ஊர்வலம் போனார்கள், தடியடி பட்டார்கள். அக்கா பாட்டில் அடைகாத்தது ஒரு கிளார்க்கின் லீவு மனு. கடைத்தெருவுக்கு வந்தபோது அது ஊர் மனுவாகிவிட்டது. பாட்டிலிருந்து சம்பந்தி மாமாவையும் எடுத்துவிட்டார்கள். நாற்காலி மட்டும் நின்றது.

அப்புறம் வார்த்தையும் வேண்டாமென்று ஆகிவிட்டது. கோஷம் போட்டால் பிடித்துக்கொண்டு போகிறார்களே என்று, சர்க்கார் கார் கடைத்தெரு வழியாக வந்தால் எங்கிருந்தாவது ஒரு குரல் "கொக்" என்னும். எதிர்ச்சாரியிலிருந்து இன்னொன்று "கொக், கொக்." பிறகு தெரு முழுக்க. எந்தச் சட்டத்தில் பிடிப்பார்கள்? முதலில் எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. நான் கொக்கரித்ததில்லை. ஆரியசாலை திரும்பும் இடத்தில் எனக்கு அப்போது ஒரு காப்பி கிளப்பு இருந்தது. தெருவே கொக்கரிக்கும்போது நான் வாசலில் நின்று டம்ளரைத் துடைத்துக்கொண்டிருப்பேன். துடைத்த டம்ளரையே திரும்பத் துடைப்பேன்.

அந்த நாட்களில்தான் ஒருவர் கடைக்கு வர ஆரம்பித்தார். வெள்ளை ஜிப்பா, நெற்றியில் சந்தனம், நல்ல சிரித்த முகம். வாசலுக்குப் பக்கத்துப் பெஞ்சில், சுவரில் சாய்ந்து உட்காருவார். ரசவடை கேட்பார். வந்தவர் போனவரிடமெல்லாம் தமாஷாகப் பேசுவார். கார் போனால் முதலில் "கொக்" என்பவர் அவர்தான். கூட நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள். அவர் திரும்பி அவர்களைப் பார்த்து இன்னும் பலமாகச் சிரிப்பார்.

சேர்ந்துகொண்டவர்கள் அடுத்த வாரம் கடைக்கு வருவதில்லை. இதை நான் கண்டுபிடிக்கக் கொஞ்ச நாளாயிற்று. அவர் கையில் பென்சில் கிடையாது, காகிதம் கிடையாது. சிரிப்பார், அவ்வளவுதான். அவர் சிரிக்கும்போது கூடச் சிரிக்கிறவர் யார் என்று பார்த்துக்கொள்வார்.

ஒருநாள் மத்தியானம் பெரியவரின் கார் மாட்டு வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு என் கடைக்கு நேராக நின்றது. முன்னால் இரண்டு போலீஸ்காரர்கள் வண்டிகளை விலக்கிக்கொண்டிருந்தார்கள். தெரு அமைதியாக இருந்தது. அப்போது "கொக்... கொக்கொக்கொக்" என்று சத்தம் வந்தது. ஒரு போலீஸ்காரர் பாய்ந்து போய்ச் சாலையோரத்தில் நின்றவன் கன்னத்தில் அறைந்தார். அவன் கோழி விற்கிறவன். காலடியில் இரண்டு கூடை நிறையக் கோழி.

"ஏமானே, ஞானல்ல! கோழியாணே! கோழிக்கு எந்து அறியாம்!" என்று அழுதான், சத்தம் போட்டது தான் இல்லை, கோழி, அதற்கு என்ன தெரியும் என்று. கோழிகள் பயந்து இன்னும் கொக்கரித்தன. அதற்கும் அவனுக்கு அடி விழுந்தது. ஒரு கூடை கவிழ்ந்து கோழிகள் காரின் கீழே ஓடின. காருக்குள் பெரியவர் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குழந்தைகளே, இதை நான் வேறு யாருக்காவது கதையாகச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அன்றைக்குத் தெருவில் அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் சிரிக்கவில்லை. ஜிப்பாக்காரர் மட்டும் என் பெஞ்சில் உட்கார்ந்து, உதட்டில் சிரிப்போடு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நான் ஒரு பலகை எழுதி மாட்டினேன்: "இங்கே அரசியல் பேசக்கூடாது." ஜிப்பாக்காரர் வந்தார், நிதானமாகப் படித்தார்.

"பலகை நன்னாயிருக்கு சாமி. பக்ஷே, கொக்கரிக்கக் கூடாதுன்னு எழுதல்லியே?"

பெஞ்சில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு இட்லியைப் பார்த்தார்கள்.

"சாமிக்கு ஒரு சேச்சி உண்டில்லையா? ஸ்ரீவராகத்தில? நன்னாப் பாடுமாமே" என்று அக்காவைப் பற்றிக் கேட்டார். நான் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆற்றின காப்பி என் காலில் விழுந்தது. சுட்டது அப்போது தெரியவில்லை, சாயங்காலம்தான் கொப்புளம் பார்த்தேன்.

கடையைச் சமையற்காரரிடம் விட்டுவிட்டு ஸ்ரீவராகத்துக்கு ஓடினேன். அக்கா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அவனுக்குத் தெரிஞ்சு போச்சு அக்கா" என்றேன்.

"எவனுக்கு?"

"சிரிக்கிறவனுக்கு."

"பாடினது என்ன திருட்டா? பந்தல்ல முந்நூறு பேர் கேட்டாளேடா" என்றாள். ஆனால் அவள் கையிலிருந்த கத்தி நின்றுவிட்டது.

நவராத்திரிக்கு முந்தின வாரம் தட்டு வந்தது.

கொண்டுவந்தவன் பெரியவர் வீட்டுச் சேவகன் இல்லை. ஜிப்பாக்காரரேதான் கொண்டுவந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பித்தளைத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கல்யாணவீட்டு மனுஷர் மாதிரி வந்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். வெற்றிலை, பாக்கு, தேங்காய். ரவிக்கைத் துணி இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பட்டுப்புடவை, அரக்கில் பச்சைக் கரை. அந்த மாதிரிப் புடவை அக்கா தன் கல்யாணத்துக்குக்கூடக் கட்டியதில்லை.

"எஜமான் தந்துவிட்டதாணு. தாமதத்துக்கு மன்னிக்கணும்னு பறஞ்சார்" என்றார். அத்திம்பேர் எழுந்து நின்றார், உட்காரச் சொல்லவும் தோன்றவில்லை. "எஜமானுக்கு அந்தப் பாட்டு பெருத்த இஷ்டம். கொலுவுக்கு அம்மா வரணுமாம். வேறொண்ணு கட்டிக்கொண்டு வரணுமாம். ஜெயிலில் கிடக்கிற பிள்ளைகளைப் பத்தி. கதர் தொப்பி, பட்டினி, அதெல்லாம். எஜமான் ஒரு வார்த்தை பறஞ்சார்: கேலின்னா ரெண்டு பக்கமும் வேண்டாமோன்னு."

அவர் போனபிறகு மூவரும் அந்தத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அதை நடுக்கூடத்திலிருந்து நகர்த்தக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

அத்திம்பேர்தான் முதலில் பேசினார். "தப்பிச்சோம்டி. கோபமே இல்லை பாத்தியோ. நாலு வரி கட்டிடு. நாலே வரி."

"எதிராத்துப் பிள்ளையும் உள்ளதான் இருக்கான்னா" என்றாள் அக்கா. எதிர்வீட்டு அம்மாளின் ஒரே மகன் சட்டப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தவன். ஊர்வலத்தில் மண்டை உடைந்து, கட்டோடு கொண்டுபோய் அடைத்திருந்தார்கள். அந்த அம்மாள் தினம் சாயங்காலம் இவர்கள் வீட்டுக்கு வந்து, ஒன்றும் பேசாமல், அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள்.

"அவன் பேரைச் சொல்ல வேண்டாம். பொதுவாப் பாடேன்."

"பேர் சொல்லாட்டா அவனுக்கு வலிக்காதோ?"

"எனக்கு வேலை போயிடும்டி! போனா என்ன பண்ணுவே? தம்பி கடையில வடை தட்டுவியா?"

"தட்டறேன்" என்றாள். ஆனால் குரலில் பலம் இல்லை. அத்திம்பேருக்கு அந்த உத்தியோகம் எவ்வளவு பெரிது என்று அவளுக்குத் தெரியும். கச்சேரிக்குப் போகும் கோட்டை அவரே தேய்த்துப் போட்டுக்கொள்வார், அவளைத் தொடவிடமாட்டார்.

பெரியவர் சொல்லியனுப்பியதில் நியாயம் இருக்கிறதோ என்று எனக்கும் தோன்றியது. நீங்களும் பெரியவர்களானதும் யோசித்துப் பாருங்கள். கேலிக்கு ஒரு பக்கம்தானா? தொப்பி போட்டவர்களிலும் சிரிக்கத்தக்கது இல்லையா? இருந்தது. இரண்டு நாள் கழித்து நான் போனபோது அக்கா கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள். உற்றுக் கேட்டேன். பட்டினி விரதம் இருக்கிற ஒரு தொண்டர், ஜெயிலுக்குப் போகும் வழியில் ஹோட்டல் வாசனை வந்து மூக்கைப் பிடித்துக்கொள்கிறார், கைவிலங்கு மாட்டிய போலீஸ்காரரின் மூக்கையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறார் என்று வந்தது. அடக்கமுடியாமல் சிரித்துவிட்டேன்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். 

"சிரிச்சியோன்னோ?"

"நன்னாத்தானே இருக்கு, அக்கா."

"அதுதாண்டா பயமாயிருக்கு. எனக்கு இது வரது. நன்னாவே வரது." கையைக் கழுவிக்கொண்டாள். "அந்த மாமி நாளைக்கு வந்து பக்கத்துல உக்காருவா. நான் இதை வாயில வெச்சுண்டு அவளுக்குக் காப்பி குடுக்கணும்."

அதற்குமேல் அந்தப் பாட்டை நான் கேட்கவில்லை.

கொலுவன்றைக்குப் பெரியவர் வீட்டுக்குக் காப்பி என் கடையிலிருந்துதான். அவர்களே சொல்லியனுப்பினார்கள். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அண்டாவைக் கொண்டுபோய்க் கூடத்தை ஒட்டின தாழ்வாரத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். கூடத்தில் ஒன்பது படி கொலு. தெருப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். எதிர்வீட்டு அம்மாளையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் தூண் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கொலுவுக்குப் பக்கத்தில் சாய்வு நாற்காலியில் பெரியவர். வாசல் பக்கம் ஆண்கள் நாலைந்து பேர், அவர்களோடு அத்திம்பேர், அந்தக் கோட்டோடு. ஜிப்பாக்காரர் படியில் நின்றிருந்தார்.

அக்கா வந்தாள். பழைய நூல்புடவைதான் கட்டியிருந்தாள். கையில் அந்தப் பித்தளைத் தட்டு. அதில் பட்டுப்புடவை, பிரிக்காத மடிப்போடு, மேலே அவள் வாங்கின இரண்டு வாழைப்பழம். கொலுவின் கீழ்ப்படியில் வைத்தாள்.

வீட்டம்மாள் பதறினாள். "என்னடி இது, குடுத்ததையே திருப்பறே?"

"வெறுந்தட்டாத் திருப்பப்படாதே மாமி, அதனால" என்றாள் அக்கா. ஒன்றிரண்டு பெண்கள் களுக்கென்று சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

ஒவ்வொருத்தியாகப் பாடினார்கள். அக்காவின் முறை வந்தது. பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கட்டிண்டு வந்திருக்கியாம்மா?"

"கட்டினேன் மாமா."

வாசலில் அத்திம்பேர் மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது.

"பாடு, பாடு. எல்லாரும் கேக்கட்டும்."

அக்கா தொண்டையைச் செருமினாள். தூண் ஓரத்தைப் பார்த்தாள். பிறகு பெரியவரை நேராகப் பார்த்தாள். மரியாதையாகத்தான் பேசினாள், ஒரு வார்த்தை உயர்த்தவில்லை.

"ஏசல்னா எதிர்ல ஆள் ஒக்காந்திருக்கணும் மாமா. அன்னிக்கு நீங்க ஒக்காந்திருந்தேள், பாடினேன். இந்தப் பாட்டுக்கு உண்டானவாளைக் கூட்டிண்டு வரச்சொல்லுங்கோ. இந்தப் பாயில ஒக்கார வைங்கோ, சந்தனம் குடுங்கோ, வெத்திலை குடுங்கோ. அவாளும் திருப்பிப் பாடட்டும். அப்பப் பாடறேன். ஆளில்லாமப் பாடினா அது புறம்பேசறது மாமா, எனக்கு வராது."

 அண்டாவுக்கடியில் கரி வெடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தூண் ஓரத்து அம்மாள் புரிந்துகொண்டாள் போலிருக்கிறது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பெரியவர் சிரித்தார். கல்யாணத்தில் சிரித்த அதே சிரிப்பு. தொப்பை குலுங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப நேரம். கூட யாரும் சிரிக்கவில்லை, ஜிப்பாக்காரரைத் தவிர. அவரும் சுற்றிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பெரியவர் மட்டும் தனியாகச் சிரித்து முடித்தார்.

"கெட்டிக்காரி" என்றார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, அத்திம்பேரிடம் அன்பாகச் சொன்னார்: "உம்ம ஆத்துக்காரி ரொம்பக் கெட்டிக்காரியய்யா. உமக்கு இந்த ஊர் போறாது." அப்புறம் என்னைப் பார்த்தார். "காப்பி ஆறறதே, குடுங்கோ எல்லாருக்கும்."

நான் கொடுத்தேன். எல்லோரும் குடித்தார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அத்திம்பேர் முன்னால் போனார், அக்கா பின்னால். குளத்தங்கரை வந்ததும் அவர் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அந்தப் பாட்டு, கட்டினேன்னியே, அது என்ன?" என்றார். அக்கா சொல்லமாட்டேன் என்று தலையாட்டினாள். "நன்னாருந்ததா?" என்றார். "நன்னாத்தான் இருந்தது" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. வீடு வந்ததும் இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

தசமி கழிந்ததும் மாற்றல் உத்தரவு வந்தது. மலையடிவாரத்தில் ஒரு தாலுக்கா. காடு வெட்டின இடம், மழை, கொசு. அங்கே போன கிளார்க்குகள் விஷஜுரத்தோடுதான் திரும்புவார்கள் என்று கச்சேரியில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைத் தண்டனை என்று சொல்லமுடியாது. சர்க்கார் வேலையில் மாற்றல் சகஜம். சம்பளத்தில் கொஞ்சம் கூட்டியும் இருந்தார்கள். எதிர்வீட்டுப் பிள்ளை விடுதலையாகி வந்து நன்றி சொல்லப் போனபோது, இவர்கள் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள்.

நீங்கள் நேற்று நடித்துக் காட்டிய கை நடுக்கம் அந்த ஊரில் வந்தது. ஜுரம் வந்து வந்து போய், அதற்குக் கொடுத்த மருந்தும் சேர்ந்து, கையெழுத்துப் போடமுடியாமல் ஆக்கிவிட்டது. வேலை அப்படித்தான் போனது, பெரியவர் பிடுங்கவில்லை. அத்தை அதற்கப்புறம் ஏசல் பாடவில்லை. பயந்து நிறுத்திவிட்டாள் என்று ஊரில் சொல்வார்கள். நான் ஒருமுறை கேட்டேன். "பாட்டு வந்தா முன்னெல்லாம் சிரிப்பு வரும்டா. இப்போ அந்தச் சிரிப்புதான் காதுல கேக்கறது" என்றாள். யாருடைய சிரிப்பு என்று கேட்கவில்லை.

அத்திம்பேரைக் கேலி பண்ணாதீர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. பண்ணுங்கள், ஆனால் அவர் எதிரில் பண்ணுங்கள். அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது நடித்துக் காட்டுங்கள். அவர் உங்களுக்குத் தட்டு கொடுப்பார், எனக்கு அவரைத் தெரியும். உங்கள் நடையை எல்லாம் அவரும் நடித்துக் காட்டுவார்.

அவர்கள் ஊரைவிட்டுப் போன அன்றைக்குக் காலையில் கோட்டை வாசலில் பஸ் ஏற்றிவிட்டேன். அத்திம்பேர் கோட்டு போட்டிருந்தார். அக்கா ஜன்னல் வழியாக, "பலகையை நேரா மாட்டுடா, ஒரு பக்கம் சாஞ்சிருக்கு" என்றாள். பஸ் போய்விட்டது.

கடைக்கு வந்தேன். பகல் சாப்பாட்டு நேரம், கடையில் ஒருவரும் இல்லை. சமையற்காரர் குளிக்கப் போயிருந்தார். ஜிப்பாக்காரர் கொலுவுக்கப்புறம் கடைப்பக்கம் வரவே இல்லை. ஆனாலும் வாசலை ஒட்டின அந்த இடத்தில் யாரும் உட்காருவதில்லை, கூட்டமாக இருந்தாலும் நின்றுகொண்டே குடிப்பார்கள். நான் போய் அங்கே உட்கார்ந்தேன், அவர் சாய்கிற மாதிரியே சுவரில் சாய்ந்து. அங்கிருந்து தெரு முழுக்கத் தெரிந்தது, எதிர்ச்சாரிக் கடைகளில் இருப்பவர்கள் முகம்கூட. தெருவில் வண்டி எதுவும் இல்லை. 

"கொக்" என்றேன்.

மெதுவாகத்தான். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து பெஞ்சை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மத்தியானக் காப்பிக்குப் பால் காய்ச்சப் போனேன்.